முதல் குதிரை வாங்கப் போகிறீர்களா? அவசரப்படாமல் இப்படிப் பாருங்கள்

நான் வாங்கிய முதல் குதிரை கருகருவென்று நல்ல கருப்பு. பார்க்கப் போன அன்று பூனைக்குட்டி மாதிரி நின்றது. ஏறினேன், சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது, இறங்குவதற்குள் மனதுக்குள் பெயரே வைத்துவிட்டேன். கொண்டுவந்த நாலாவது நாள் சேணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. ஆறாவது நாள் கீழே தள்ளியது. குதிரை குப்புறத் தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, குழி பறிக்கிற வேலையை அடுத்தடுத்து வந்த பில்கள் பார்த்துக்கொண்டன.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அன்று நான் போய்ச் சேர்வதற்கு முன்பே குதிரை சேணம் பூட்டித் தயாராக நின்றது. விலாவில் காய்ந்த வியர்வை உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. காலையிலேயே யாரோ ஓட்டிக் களைக்கவைத்திருக்கிறார்கள். அது என் கண்ணில் படாமல் இல்லை, பட்டதற்கு அர்த்தம்தான் தெரியவில்லை.

குதிரை தேடுவதில் இருக்கிற சிக்கலே இதுதான். விற்பவர் அந்தக் குதிரையோடு வருடக்கணக்கில் இருந்தவர். நீங்களோ அவர் சொன்ன நாளில், அவர் சொன்ன நேரத்தில், அரை மணி நேரம் பார்க்கிறீர்கள். அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடுங்கள், அந்தக் குதிரையின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கீழே இருக்கிற எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

படி 1: முதலில் உங்களைப் பற்றி எழுதுங்கள்

குதிரையைப் பற்றி இல்லை, உங்களைப் பற்றி. வாரத்தில் எத்தனை நாள் நிஜமாகவே ஏறுவீர்கள், எதற்காக ஏறுகிறீர்கள், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யார் பார்த்துக்கொள்வார்கள், குதிரை திடீரென்று மிரண்டு ஓடினால் இன்றைய தேதியில் உங்களால் நிறுத்த முடியுமா. கடைசிக் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள், யாரும் படிக்கப் போவதில்லை.

எடையும் கணக்கில் வரும். நீங்களும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 500 கிலோ குதிரை என்றால் 100 கிலோ. அது உச்சவரம்பு, அதற்குக் கீழே இருப்பது எப்போதும் நல்லது.

வயதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 12 வயது என்றதும் கிழம் என்று முகம் சுளிப்பார்கள். குதிரை சாதாரணமாக 25, 30 வருடம் வாழும். அதன் எலும்புகள் முழுசாக முதிரவே ஏறக்குறைய 6 வயது ஆகிவிடும். ஆகவே 10 முதல் 16 வயதுக்குள், உலகத்தைப் பார்த்து அலுத்துப்போன ஒரு குதிரைதான் உங்களுக்கு நல்ல வாத்தியார். குட்டியாக வாங்கி இரண்டு பேரும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. நீச்சல் தெரியாத இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு கிணற்றில் குதிக்கிற கதை அது.

காயடிக்காத ஆண்குதிரை வேண்டவே வேண்டாம். காயடித்ததோ பெண்குதிரையோ பார்க்கலாம். நிறத்தை மட்டும் பட்டியலில் எழுதாதீர்கள், தயவுசெய்து.

படி 2: கணக்கு

விலை என்பது வெறும் நுழைவுச் சீட்டு. 500 கிலோ குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ வரை காய்ந்த புல் தின்னும், 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டி லாடம் பார்க்க ஆள் வர வேண்டும். வருடம் ஒருமுறையாவது பல் ராவ வேண்டும். தடுப்பூசி, குடற்புழு மருந்து தனி. மலிவாகக் கிடைத்த குதிரையும் இதே அளவுதான் தின்னும். ஒரு வருடச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, மிச்சம் இருக்கிற பணத்தில் குதிரை தேடுங்கள்.

படி 3: விளம்பரத்தைப் படிப்பது, போன் பேசுவது

விளம்பரத்தில் 14.2 கை உயரம் என்று போட்டிருப்பார்கள். இது தசமப் புள்ளி இல்லை. ஒரு கை என்பது 4 அங்குலம், எனவே 14.2 என்றால் 14 கையும் 2 அங்குலமும். 14.3க்கு அடுத்தது 15தான். அளவெடுப்பது தலை வரைக்கும் இல்லை, பிடரி முடிகிற தோள்மேடு வரைக்கும்.

மற்றபடி விளம்பர மொழி தனி மொழி. ‘துடிப்பானது’ என்றால் நிறுத்துவது உங்கள் பாடு. ‘நல்ல திறமை இருக்கிறது’ என்றால் இதுவரை ஒன்றும் செய்ததில்லை. ‘அனுபவசாலிகளுக்கு மட்டும்’ என்று வெளிப்படையாகப் போட்டிருந்தால் அந்த மனிதருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

போனில் ஆமாம், இல்லை என்று முடிந்துபோகிற கேள்விகளைக் கேட்காதீர்கள். ‘சாதுவா?’ என்று கேட்டால் உலகத்தில் எல்லாக் குதிரையும் சாதுதான். கடைசியாக யார் ஏறினார்கள், எப்போது? லாடம் அடிக்கும்போது எப்படி நிற்கும்? மற்ற குதிரைகளை விட்டுத் தனியாகக் கிளம்பினால் என்ன செய்யும்? வண்டியில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? வயிற்றுவலி, அதுதான் கோலிக், கடைசியாக எப்போது வந்தது? இப்படிக் கேளுங்கள். ஏன் விற்கிறீர்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை கேளுங்கள், போனில் ஒருமுறை, நேரில் கிளம்பும்போது ஒருமுறை. இரண்டு பதிலும் வேறு வேறாக இருந்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

போனை வைப்பதற்கு முன் இதையும் சொல்லிவிடுங்கள்: ‘நான் வரும்வரை சேணம் போட வேண்டாம், பிடித்துக் கொண்டுவருவதிலிருந்தே பார்க்க ஆசை.’ அதற்கு அவர் தயங்குகிற தயக்கமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

படி 4: முதல் நாள், ஏறுவதற்கு முன்

முடிந்தால் கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். கூடவே உங்கள் பயிற்சியாளரையோ, குதிரை தெரிந்த, உங்கள் ஆசையைப் பற்றிக் கவலைப்படாத ஒருவரையோ கூட்டிப்போங்கள்.

குதிரையிடம் போகும் முன் லாயத்தைப் பாருங்கள். கதவின் மேல்விளிம்புக் கட்டை அரைவட்டமாகக் கடித்துத் தேய்ந்திருந்தால், கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்குகிற பழக்கம் இருக்கலாம். தரையில் போட்ட வைக்கோல் வட்டப் பாதையாக மிதிபட்டிருந்தால் அது உள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கிற குதிரை. தண்ணீர் வாளி காலியாக, உலர்ந்து கிடந்தாலும் யோசியுங்கள். தண்ணீர் இல்லாமல் சோர்ந்துபோன குதிரை சாதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் தோள் பக்கமாகப் போங்கள். நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் அதற்குப் பார்வை கிடையாது. சேணம் உட்காரும் இடத்திலும் முன்னங்கால்களுக்கு நடுவிலும் கையை வைத்துப் பாருங்கள். ஈரமோ, காய்ந்த உப்போ கையில் ஒட்டினால் கருப்புக் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேய்ப்பது, நான்கு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்வது, சேணம் பூட்டுவது எல்லாவற்றையும் நின்று பாருங்கள். வயிற்றுவாரை இறுக்குகிற அந்த ஒரு நிமிடம் போனைப் பார்க்காதீர்கள், பேச்சும் கொடுக்காதீர்கள். முகத்தை மட்டும் பாருங்கள். காது பின்னால் போகிறதா, மூக்குத் துவாரத்துக்கு மேலே சுருக்கம் விழுகிறதா, வாலைச் சுழற்றுகிறதா, தலையைத் திருப்பி வாரைப் பார்க்கிறதா. பொருந்தாத சேணமாக இருக்கலாம், முதுகுவலியாக இருக்கலாம், வயிற்றுப் புண்ணாகவும் இருக்கலாம். ‘அது எப்பவும் அப்படித்தான்’ என்று விற்பவர் சிரித்துக்கொண்டே சொன்னால், எப்பவும் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பல், குளம்பு, கால், கண்

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுக்கிற குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம். முன்பல் பால்பற்கள் நடுவிலிருந்து ஓரமாக, இரண்டரை, மூன்றரை, நாலரை வயது வாக்கில் விழுந்து முளைக்கும். அதற்கப்புறம் மேல்வரிசையின் ஓரப் பல்லில் ஒரு பள்ளக்கோடு வரும்: 10 வயது வாக்கில் ஈறுக்குப் பக்கத்தில் தொடங்கி, 15இல் பாதிப் பல்லுக்கு இறங்கி, 20இல் அடிவரை வந்துவிடும். துல்லியம் இல்லை, இரண்டு மூன்று வருடம் முன்னே பின்னே ஆகும். ஆனால் 9 வயது என்று சொன்ன குதிரையின் பல்லில் கோடு பாதி இறங்கியிருந்தால் கேட்காமல் விடாதீர்கள்.

குளம்பு ஒரு நாட்குறிப்பு. அது மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும், மேலே முளைத்தது முன்நுனிக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஆக, பாதி உயரத்தில் தெரிகிற ஒரு வளையம் அரை வருடத்துக்கு முன் நடந்த ஏதோ ஒன்றின் தடம். காய்ச்சலாக இருக்கலாம், வெறும் தீனி மாற்றமாகவும் இருக்கலாம். சமமான வளையங்களுக்குப் பயப்பட வேண்டாம். முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் போகப்போக அகன்றும் விரிகிற வளையங்கள் லேமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள் வருகிற அழற்சி, வந்துபோன அடையாளமாக இருக்கலாம், அது திரும்ப வரக்கூடிய நோய்.

கால்களைத் தடவும்போது முடிந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இடது கால், உடனே வலது கால், அதே இடம். ஒன்று மட்டும் சூடாகவோ வீங்கியோ இருந்தால் கண்ணுக்கு முன் விரல் சொல்லிவிடும். கண்ணில் மங்கல், ஓயாத நீர், ஒன்றைவிட ஒன்று சிறியதாகத் தெரிவது எல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை.

படி 6: ஓடவிட்டுப் பார்ப்பது

கெட்டியான சமதரை, தளர்வான கயிறு, நேர்கோடு. துள்ளுநடையில், அதாவது ட்ராட்டில், பார்ப்பதுதான் சுலபம். கால்கள் மூலைக்கு மூலை ஜோடியாக விழுவதால் சமம் இல்லாதது உடனே தெரியும். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் அதிகமாக ஏறி இறங்கும். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் காதைக் கொடுங்கள். டக் டக், டக் டக் என்று சீராக வர வேண்டும். போனில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம், நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

படி 7: ஏறுவது

முதலில் விற்பவர் தரப்பில் ஒருவர் ஏறட்டும். யாரும் ஏற மாட்டார்கள் என்றால் நீங்களும் ஏறாதீர்கள், முதுகுவலி, முழங்கால் வலி என்று என்ன காரணம் சொன்னாலும் சரி. அடுத்து உங்கள் பயிற்சியாளர், கடைசியில் ஹெல்மெட்டோடு நீங்கள். நடத்துங்கள், துள்ளுநடையில் விடுங்கள், நிறுத்துங்கள், பின்னால் நகர்த்துங்கள். வாசலைக் கடந்து போகும்போது அந்தப் பக்கமே இழுக்கிறதா, மற்ற குதிரைகளை விட்டு விலகும்போது நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். பாய்ச்சலில் எவ்வளவு வேகம் என்பது உங்களுக்கு இப்போது தேவையே இல்லாத தகவல்.

படி 8: திரும்பப் போங்கள்

பிடித்திருந்தாலும் அன்றே முன்பணம் கொடுக்காதீர்கள். வேறொரு நாள், வேறொரு நேரம், முடிந்தால் காற்றடிக்கிற நாளில் போங்கள். முந்தின நாள் ராத்திரி போன் செய்து ‘நாளைக்கு வரலாமா?’ என்று கேட்டால் போதும். ஒன்றிரண்டு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுப்பவர்களும் உண்டு. அப்படியானால் அதற்குள் அடிபட்டால் செலவு யாருடையது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 9: டாக்டர்

நீங்கள் அழைத்துவரும் கால்நடை மருத்துவர் அந்தக் குதிரையை வழக்கமாகப் பார்க்காதவராக இருக்க வேண்டும். முழுப் பரிசோதனையில் ஓய்வில் இதயம், நுரையீரல், கண் பார்த்து, நடக்கவிட்டு, ஓட்டி, ஓய்வெடுக்கவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்ப்பார். மூட்டைச் சற்று நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிடுகிற சோதனையும் உண்டு. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். நொண்டலை மறைக்க ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலிமருந்தும், முரட்டுத்தனத்தை மறைக்க மயக்கமருந்தும் கொடுத்து விற்பது பழைய தந்திரம். உடனே சோதிக்காவிட்டாலும் மாதிரியைப் பத்திரப்படுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

டாக்டர் பாஸ், ஃபெயில் சொல்ல மாட்டார், பட்டியல் கொடுப்பார். என் இரண்டாவது குதிரைக்கு, 14 வயதுப் பெண்குதிரை, அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள், மூன்று குறை எழுதினார்: பின்னங்கால் மூட்டில் கொஞ்சம் இறுக்கம், முழங்காலில் பழைய தழும்பு, ஓரப் பல் ஒன்று உடைசல். ‘நீ செய்யப்போகிற வேலைக்கு இது போதுமா?’ என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். வாரத்தில் நான்கு நாள் மெதுவாகச் சுற்றிவரப் போதும் என்று தோன்றியது. வாங்கிவிட்டேன்.

படி 10: காகிதமும் கொண்டுவருவதும்

மைக்ரோசிப் இருந்தால் ஸ்கேன் செய்து அந்த 15 இலக்க எண் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வாயால் சொன்ன வாக்குறுதிகளை, ‘கடிக்காது, வண்டியில் ஏறும், நொண்டியதில்லை’ என்பதையெல்லாம், ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வீட்டில் வேறு குதிரைகள் இருந்தால் இரண்டு மூன்று வாரம் புதியதைத் தள்ளிக் கட்டுங்கள். தீனியைச் சட்டென்று மாற்றினால் குடல் தாங்காது, கோலிக் வரும். பழைய தீனியில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 முதல் 10 நாளில் மாற்ற வேண்டும். அதனால் வண்டியில் ஏற்றும் முன் விற்பவரிடம் அது தின்று பழகிய தீனியில் ஒரு மூட்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே அதன் பழைய தலைக்கயிற்றையும் கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.