தப்பான லிங்க்கை அழுத்திவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை ஜவ்வரிசி மண்டியோ கொலுசுப் பட்டறையோ, எங்கே வேலை பார்த்தாலும் சரி, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்' என்று வழக்கமான பார்ட்டி பெயரிலேயே மெயில் வந்தால், அதிலுள்ள நம்பரை விட்டுவிட்டு பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு கணக்காக மாறிப் போய்விடும்.

லிங்க்கை அழுத்தியிருந்தால் நெட்டைத் துண்டியுங்கள், எதையும் அழிக்காதீர்கள், ஐடி பார்ப்பவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் (CERT-In) தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த விதி.

முதலாளிகளே, "அண்ணா, தெரியாமல் அழுத்திட்டேன்" என்று ஓடிவரும் பிள்ளையை எல்லார் முன்னாலும் திட்டினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் நன்றி சொல்லுங்கள், அப்புறம் வேறொரு சிஸ்டத்திலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள்.