வாலை நம்பாதீர்கள்: குரங்கினங்களைப் பிரித்தறிய ஒரு வழி

மகளின் பள்ளிக் கண்காட்சிக்காகக் குரங்குப் படங்களை வகைபிரித்து அட்டையில் ஒட்டினோம். வடஆப்பிரிக்காவின் பார்பரி மக்காக் என்னும் குரங்கை சிம்பன்சிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். இரண்டுக்கும் வால் இல்லையே, ஒரே பிரிவுதான் என்று நினைத்தேன், தவறு. அதைத் திருத்தும்போது கற்றுக்கொண்ட முறை இது. முகம் நேராகத் தெரியும் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மூக்கு நுனி

நாயின் மூக்கைப் போல ஈரமாக இருந்தால் ஈரமூக்குப் பிரிவு. மடகாஸ்கரின் லெமூர்களும் நம் தேவாங்கும் இதில் வரும். உலர்ந்திருந்தால் அடுத்த படிக்குப் போங்கள். டார்சியரை மட்டும் கவனியுங்கள். தென்கிழக்காசியத் தீவுகளில் வாழும் இது தேவாங்கைப் போலவே பெரிய கண்களோடு இரவில் உலவும். ஆனால் உலர்மூக்குப் பிரிவு. அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

படி 2: நாசித்துளை

துளைகள் விலகிப் பக்கவாட்டில் திறந்தால் அமெரிக்கக் குரங்கு. நெருங்கிக் கீழ்நோக்கியிருந்தால் ஆசிய, ஆப்பிரிக்க வகை. கிளையைப் பற்றும் வாலை இங்கே அடையாளமாகக் கொள்ள வேண்டாம். அமெரிக்கக் குரங்குகளிலேயே சிலந்திக் குரங்குக்கு அது உண்டு, மார்மோசெட்டுக்கு இல்லை.

படி 3: தோளும் கையும்

நான் இடறிய இடம் இதுதான். 'வாலில்லாக் குரங்கு' என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்பிவிடும். கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனபோ, மனிதன் ஆகிய எவருக்கும் வால் இல்லை என்பது உண்மை. ஆனால் வாலில்லாத எல்லாமே அந்தப் பிரிவாகிவிடாது. மார்பு அகன்றிருக்கிறதா, தோள் எல்லாப் பக்கமும் சுழல்கிறதா, கை காலைவிட நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். கை நீளத்தில் மட்டும் மனிதன் விலக்கு. பார்பரி மக்காக்கின் உடலோ நாற்கால் நடைக்கேற்ற ஒடுங்கிய உடல். இந்தியக் காடுகளில் உண்மையான வாலில்லாக் குரங்கைக் காண அசாம் உள்ளிட்ட வடகிழக்குக்குத்தான் போக வேண்டும். ஹூலக் கிப்பன் அங்கே வாழ்கிறது.

படி 4: கன்னமா, வயிறா?

மீதமுள்ள ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளில் கன்னப்பையில் உணவை அடக்கிக்கொள்பவை ஒரு பிரிவு. பல அறைகள் கொண்ட இரைப்பையில் இலையைச் செரிப்பவை மற்றொன்று. பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு கன்னப்பைக்காரர், கருமந்தி இலையுண்ணி. தொல்காப்பியத்தில் மந்தி என்பது பெண்குரங்கின் பெயர். இன்று இரண்டு பிரிவுகளுக்குமே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பின்சேர்க்கை: வால்பாறையில் இந்த இரண்டு கருப்புக் குரங்குகளையும் எப்படிப் பிரிப்பது என்று வாசகர்கள் கேட்டார்கள். முகத்தைச் சுற்றிச் சாம்பல்நிறப் பிடரி, குஞ்சம் வைத்த குட்டை வால் என்றால் சிங்கவால் குரங்கு. தலையில் மங்கிய பழுப்பு முடி, உடலைவிட நீண்ட வால் என்றால் கருமந்தி. எட்டு மடங்கு பைனாகுலரே போதும். பன்னிரண்டு மடங்கில் கை நடுங்கினால் காடே ஆடும். தின்பண்டம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதற்குப் பழகிச் சாலைக்கு வரும் குரங்குகள் வாகனங்களில் அடிபடுகின்றன.

தேவாங்கைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அனுமதி பெற்று வனத்துறையினருடன் இரவில் போகும் வாய்ப்புக் கிடைத்தால், டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெள்ளை ஒளி அந்தக் கண்களைக் கூசவைக்கும்.