பழைய ரோம் படங்களைப் பார்க்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

ரோம் நகர இடிபாடுகளின் 19ஆம் நூற்றாண்டுப் படத்தைப் பார்த்ததும், ‘ரோமானியர் விட்டுப்போனது அப்படியே இருக்கிறது’ என்று நினைத்துவிடுகிறோம். பெரிய தவறு அதுதான்.

ரோமானியரின் பழைய வட்டரங்கமான கொலோசியத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்கு முனையில் சரிவாக நிற்கும் செங்கல் சுவர் பேரரசர்கள் கட்டியதல்ல. சாயவிருந்த வெளிச்சுவருக்கு முட்டுக்கொடுக்க 1807இல் கட்டடக் கலைஞர் ரஃபேல் ஸ்டெர்ன் எழுப்பியது. விரிசல் விட்ட வளைவுகளை அவர் செங்கல் வைத்து அடைத்தார். நழுவிய கற்கள் நழுவிய நிலையிலேயே இன்றும் நிற்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். மேற்கு முட்டுச்சுவர் 1820களில் வலாடியர் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் கட்டியது. உலகுக்கு ஒளிப்படக்கலை அறிவிக்கப்பட்டதோ 1839இல். முட்டுச்சுவர் இல்லாத கொலோசியத்தை எந்தக் கேமராவும் கண்டதில்லை.

படத்தின் அடியில் இருக்கும் ஆண்டை அப்படியே நம்பவும் கூடாது. அலினாரி போன்ற இத்தாலிய ஒளிப்பட நிறுவனங்கள் ஒரே நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் பிரதி போட்டு விற்றன. பிரதியின் வயது வேறு, காட்சியின் வயது வேறு. கட்டடத்தைக் கேட்டால் அதுவே சொல்லும். கொலோசியத்தின் சுவரெங்கும் செடிகொடி மண்டியிருந்தால் படம் பெரும்பாலும் 1871க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் அவற்றைப் பிடுங்கிச் சுத்தம் செய்தார்கள். அதற்கு முன், 1855இல், ரிச்சர்ட் டீகின் என்பவர் அங்கே 420 தாவர வகைகளைப் பட்டியலிட்டிருந்தார்! கான்ஸ்டன்டைன் வளைவுக்குப் பக்கத்தில் கூம்பு போன்ற செங்கல் மேடு தெரிகிறதா? அது மெட்டா சூடன்ஸ் என்ற பழைய நீரூற்றின் மிச்சம். முசோலினி காலத்தில், 1936இல், இடித்துவிட்டார்கள். அது தெரிந்தால் படம் அதற்கு முந்தியது.

நிறத்தை வைத்து முடிவு கட்டுவதும் ஆபத்து. அக்காலத்தில் ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை நன்றாகவும், சிவப்பை மிகக் குறைவாகவும் பதிவு செய்தன. அதனால் செங்கல் உள்ளதைவிடக் கருப்பாகவும் வானம் வெளுத்தும் தெரியும். 1890களின் வண்ணப் படங்களான ஃபோட்டோக்ரோம்கள், கருப்பு-வெள்ளை நெகட்டிவிலிருந்து அச்சுக்கூடத்தில் வண்ணம் ஏற்றப்பட்டவை. வெள்ளி பூசிய தகட்டிலேயே நேரடியாகப் பதியும் தொடக்ககால ஒளிப்படமான டாகரோடைப் என்றால் இடவலம் மாறியிருக்கலாம். கல்வெட்டு எழுத்துகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாளர் ஜான் ஹென்றி பார்க்கரின் பெயரில் ரோம் படங்கள் 3,000க்கும் மேல் உள்ளன. அவற்றை அவரே எடுத்ததாக எழுதுகிறார்கள். இல்லை, படப்பிடிப்பாளர்களை அமர்த்தி எடுக்கவைத்தார். நெகட்டிவ்கள் 1893இல் தீயில் அழிந்தன. எஞ்சியவை அக்காலப் பிரதிகள்தாம்.

அப்படியொரு பிரதி உங்களிடம் வந்தால், அழகுக்காக ஓரத்தை வெட்டாதீர்கள். ஒட்டியிருக்கும் அட்டையைப் பிரிக்காதீர்கள். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். எந்தச் சுவர், எந்தத் திசையிலிருந்து என்பதைக் கண்டுபிடிக்க, அங்கே மங்கலாகக் கிடக்கும் வரிசை எண் ஒன்றே சில சமயம் வழி.