அன்னாசி பாகற்காய் சட்னி: எங்கெங்கே கெடுகிறது?

பாகற்காயையும் பழத்தையும் வெல்லம், மிளகாய் சேர்த்துச் சுண்ட வைத்து பாட்டிலில் எடுத்து வைக்கும் சட்னியில் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கசப்பை வெல்லத்தால் அடக்கப் பார்க்கிறார்கள். வெல்லம் ஏற ஏறத் திகட்டும், கசப்போ அடிநாக்கில் அப்படியே நிற்கும். கசப்புக்குக் கடிவாளம் போடுவது உப்பும் புளிப்பும்தான். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ நாக்கை உறுத்தாமல் இருப்பதற்கு வெல்லம் மட்டும் காரணமல்ல, மாங்காயின் புளிப்பும் சேர்ந்துதான் அதைச் செய்கிறது. அதே கணக்கு இங்கேயும். போதாததற்கு, சட்னி கெடாமல் நிற்பதும் அந்தப் புளிப்பை நம்பித்தான்.

அதனால் பழத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே கவனம் வேண்டும். நம் பக்கம் பலா சீசன் வந்துவிட்டால் பண்ருட்டி சாலையோரமெல்லாம் பழம் குவிந்து கிடக்கும். விலையும் மலிவு, வீடெல்லாம் மணம். அதையே சட்னியில் போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பலாவில் இனிப்பு உண்டு, புளிப்பு கிட்டத்தட்ட இல்லை. பாகற்காயிலும் இல்லை. இரண்டும் சேர்ந்த சட்னியை இறுக மூடி வெளியே வைத்தால், குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிக்கு அது வசதியான இடம். காற்றில்லாத இடத்தில் வளர்வது அது. பிஎச் 4.6-க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பில், அதனால் வளர முடியாது. அதன் விஷம் சேர்ந்திருந்தாலும் மணத்திலோ நிறத்திலோ தெரியாமல் போகலாம். "மேலே எண்ணெய் மிதக்குது, ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. எண்ணெய் காற்றைத் தடுக்கும், இந்தக் கிருமிக்கு வேண்டியதும் அதுதான். பலாவில் செய்ய ஆசை இருந்தால் கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள்.

எடுத்து வைக்கும் சட்னிக்கு அன்னாசிதான் என் தேர்வு. கிளிமூக்கு மாங்காய், அரைப்பழமாக இருந்தால், அடுத்தது. அன்னாசியும் கனிந்து தளதளவென்று இருக்க வேண்டாம். தோலில் கொஞ்சம் பச்சை இருக்கட்டும். கால் கிலோ பாகற்காய்க்குத் தோல் சீவிய அன்னாசி அரைக் கிலோ, வெல்லம் 150 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி, வினிகர் 100 மில்லி. இதில் வினிகரை மட்டும் குறைக்காதீர்கள். புதுச்சேரியின் பழைய கிரியோல், அதாவது பிரெஞ்சும் தமிழும் கலந்த, வீட்டுச் சமையலுக்கு வினிகர் புதிதல்ல. வாசனை பிடிக்காதவர்கள் புளிக்கரைசலில் செய்யலாம், ஆனால் அதை நாள்பட எடுத்து வைக்காமல், ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரமே தீர்த்துவிடுங்கள்.

கசப்புக்குப் பயந்து பாகற்காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறவர்கள் உண்டு. கசப்போடு காயின் குணமும் போய், மிஞ்சுவது சக்கை. மெல்லிய அரைவட்டமாக நறுக்கி, உப்பும் மஞ்சள்தூளும் பிசறி அரை மணி நேரம் வைத்துக் கையால் பிழிந்தால் போதும். பிழிந்த பிறகும் காயில் உப்பு நிற்கும். அதை மறந்து சட்னிக்கு மறுபடி முழு அளவு உப்பு போட்டால் கரித்துவிடும்.

அடுத்து வருவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பிழிந்த காயை நேராக அன்னாசி, வினிகர், வெல்லத்தோடு கொதிக்கப் போடாதீர்கள். புளிப்பில் விழுந்த காய் வேகாது. காயின் செல் சுவரைப் பிணைத்திருக்கும் பொருள் அமிலத்தில் சுலபமாகக் கரைவதில்லை. புளித்தண்ணீரில் போட்ட கத்தரிக்காய் விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெல்லப்பாகும் காயின் நீரை இழுத்து இன்னும் இறுக்கும். ஒரு மணி நேரம் கிளறினாலும் துண்டுகள் தோல் மாதிரி நிற்கும், அதற்குள் பழம் கூழாகிவிடும். முதலில் எண்ணெயில், மிதமான தீயில், காயைத் தனியாக வதக்குங்கள். ஓரம் பழுப்பேறி லேசாகச் சுருண்டு, நடுவில் பச்சை மங்கி, வதங்கும் வாசனை வரும். ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள், நசுங்க வேண்டும். சரி, இப்போது அன்னாசி போடலாம். அது நீர் விட்டு வெந்த பிறகு வினிகர். வெல்லம் கடைசியில், கரைத்து வடிகட்டி.

தாளிப்பில் வெந்தயத்தை அள்ளிப் போட வேண்டாம். ஏற்கெனவே கசப்பான பண்டம், கொஞ்சம் தீய்ந்த வெந்தயம் அதைக் கெடுத்துவிடும். கடுகு, சோம்பு, வற்றல் மிளகாய், சுக்கு போதும். நம் வீடுகளில் தாளிப்பு வடகம் எப்போதும் இருக்கும். அதன் மணம் இந்தச் சட்னிக்கு அபாரமாகப் பொருந்தும். ஆனால் அதில் வெங்காயம், பூண்டு, வெந்தயம் எல்லாம் உண்டு. அதனால் மொத்தத்துக்கும் போடாமல், அன்றைக்குச் சாப்பிட எடுக்கும் அளவுக்கு மட்டும் தாளித்துக் கொட்டிக்கொள்ளுங்கள்.

பாத்திரம் அடிகனமான எவர்சில்வர். அலுமினியமும் இரும்பும் புளிப்போடு சேர்ந்தால் சட்னி கறுக்கும், உலோக வாடை அடிக்கும்.

இறக்கும் பதத்தை அடுப்பிலேயே கெட்டியாகப் பார்க்க நினைப்பது இன்னொரு தவறு. ஆறினால் இறுகும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் பாதை தெரிந்து, இரண்டு நொடியில் மெதுவாக மூட வேண்டும். பாதை அப்படியே நின்றால் கொஞ்சம் தாண்டிவிட்டது என்று அர்த்தம், கொதிக்கும் வினிகர் ஒரு கரண்டி விட்டுத் தளர்த்துங்கள்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கடல்காற்றில் உப்பு ஜாடியே நீர்த்துப்போகும். துணியால் துடைத்துவிட்டு "காய்ந்துவிட்டது" என்று நினைக்கும் பாட்டிலில் ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். கண்ணாடி பாட்டிலைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, அடுப்புச் சூட்டருகே கவிழ்த்து உலர்த்தி, பாட்டில் சூடாக இருக்கும்போதே சட்னியையும் சூடாக நிரப்புங்கள். உலோக மூடிக்குள் வினிகர் துரு ஏற்றும், பிளாஸ்டிக் பூச்சுள்ள மூடி நல்லது. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மேலே பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம், முழுவதையும் கொட்டுங்கள்.

பாகற்காய் இருக்கிறது என்பதற்காகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தாராளமாகப் பரிமாறாதீர்கள். வெல்லமும் பழமும் சேர்ந்த பண்டம் இது, அவர்களுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சிட்டிகைதான் சரி.

செய்த அன்றே ருசி பார்த்து "கசக்குது" என்று மறுபடி வெல்லம் போடவும் கூடாது. புளிப்பும் காரமும் காய்க்குள் இறங்க ஒரு வாரம் பிடிக்கும். அப்புறம் தயிர்சாதத்துக்கோ சப்பாத்திக்கோ எடுத்து வைத்துப் பாருங்கள்.