கிராம சபையில் பேசினால் போதாது, புத்தகத்தில் ஏற வேண்டும்: தீர்மானம் போட வைப்பது எப்படி?

2023 மே 1 கிராம சபையில் நாங்கள் பதினைந்து பேர் எழுந்து நின்று கத்தினோம். சிவகங்கை மாவட்டத்தில் சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் அப்பத்தா குடம் கொண்டுபோய்க் குடிதண்ணீர் எடுத்த ஊரணியில் இப்போது மூன்று தெருச் சாக்கடை விழுகிறது. அதைத்தான் கேட்டோம். தலைவரம்மா, "செஞ்சிரலாம்ப்பா, தீர்மானம் போட்டுரலாம்" என்றார். கைதட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மூன்று மாதம் கழித்துத் தீர்மான நகல் வாங்கிப் பார்த்தால், "குடிநீர், சுகாதாரம் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. ஊரணி என்ற சொல்லே அதில் இல்லை.

அக்டோபர் 2 கிராம சபையில் அதே கோரிக்கை முறையான தீர்மானமாக ஏறியது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கற்றதைத்தான் எழுதுகிறேன். கிராம சபை என்றால் என்ன, அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் என்ன சொல்கிறது என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை. உங்கள் பெயர் உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். அது போதும்.

1. முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள்

இணையத்தில் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு சேவையில் சர்வே எண்ணைப் போட்டால் 'அ' பதிவேடு வரும். எங்களுடையதில் 'ஊரணி' என்று வகைப்பாடு இருந்தது, நிம்மதி. கண்மாய் என்றால் கதை வேறு. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய்கள் பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். அடுத்த துறையின் நீர்நிலையில் உங்கள் ஊராட்சி வேலை செய்ய முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். தீர்மானத்தின் கடைசி வரியே இதனால் மாறிவிடும்.

சர்வே எண் தெரியாதா? கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

2. ஆள் சேர்ப்பது

வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்காதீர்கள். இது என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வந்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். எங்கள் குழுவில் 140 பேர். 'குட் மார்னிங்' படம் தினமும் நாற்பது வரும், கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினைந்து பேர். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வீடு வீடாகப் போய்ப் பெயரும் கையெழுத்தும் வாங்கியபோதுதான் ஊர் அசைந்தது.

எங்கள் ஊரில் கிராம சபைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். அவர்களை விட்டுவிட்டு மந்தைத் திண்ணையில் உட்கார்ந்து திட்டம் போட்டதுதான் மே மாதத் தப்பு. அடுத்த முறை வேலை நடக்கும் இடத்துக்கே சாப்பாட்டு நேரத்தில் போனோம். ஒரு அத்தை கேட்டார்: "சாக்கடைய மறிச்சா எங்க வீட்டுத் தண்ணி எங்கிட்டுய்யா போகும்?" எங்கள் பதினைந்து பேருக்கும் அந்தக் கேள்வி அதுவரை தோன்றவே இல்லை. வாய்க்காலை அடை என்று மட்டும் கேட்டிருந்தால் மூன்று தெருவும் எங்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கும். வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி, இடமில்லாத வீடுகளுக்குத் தெருமுனையில் பொது உறிஞ்சுகுழி என்று கோரிக்கை மாறியது அந்த அத்தையால்தான்.

கோரம், அதாவது கூட்டம் செல்ல குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் தெரிந்திருக்கட்டும். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இது குறைந்தால் நீங்கள் போராடி வாங்கிய தீர்மானம் செல்லாது என்று பின்னால் யாராவது கிளப்பலாம்.

3. தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்

மனு வேறு, தீர்மானம் வேறு. மனுவில் "ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். தீர்மானத்தில் எந்த இடம், என்ன வேலை, எந்த நிதி, எப்போதுக்குள் என்று நான்கும் இருக்க வேண்டும். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"இவ்வூராட்சி சர்வே எண் ......-இல் உள்ள ஊரணியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கும் பொருட்டு, ......, ......, ...... ஆகிய தெருக்களில் தனிநபர் மற்றும் சமுதாய உறிஞ்சுகுழிகள் அமைக்கவும், இப்பணியை வரும் ஆண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும், மதிப்பீடு தயாரித்து அடுத்த கிராம சபையில் வைக்கவும் இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

முதல் வரைவில் நான் "ஊரணியை அழகுபடுத்தி நடைபாதை அமைத்து" என்று எழுதியிருந்தேன். ஒன்றியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டார். ஊராட்சிக்கு மத்திய அரசிடமிருந்து வந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் (2021-26) 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவிட முடியும் என்று இருந்தது. கழிவுநீர் என்று எழுதினால் அந்தப் பணத்துக்குள் வந்தது. அழகு என்று எழுதினால் மீதி 40 சதவீதத்துக்கு ரோடு, தெருவிளக்கோடு போட்டி போட வேண்டியிருந்தது. ஒரே வேலைதான், எழுதுகிற சொல்லில்தான் காசு இருக்கிறது.

இரண்டு நகல் எடுத்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் (எங்கள் ஊரில் இன்னும் 'கிளார்க்கு'தான்) கொடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்ட அறிவிப்பு 7 நாளுக்கு முன்பே வர வேண்டும். அது வந்த அன்றே போவது நல்லது.

4. கூட்டத்தன்று: புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்

நாங்கள் மே மாதம் விழுந்த குழி இதுதான்.

உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய புத்தகத்தை நீட்டுவார்கள். "வாங்கண்ணே, ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உக்காருங்க." போட்டோம். அது வருகைப் பதிவுதான், ஆனால் அதே புத்தகத்தில்தான் தீர்மானங்களும் எழுதப்படுகின்றன. கையெழுத்துகள் முடிந்த பிறகு வரும் பக்கங்கள் வெற்றாக இருக்கும். கூட்டம் கலைந்து, நிதானமாக, மேலிருந்து வந்த கூட்டப் பொருள் பட்டியலைப் பார்த்து அதே வரிசையில் எழுதி முடிப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. நீண்ட பட்டியல், ஒரே ஆள், அன்று சாயங்காலமே ஒன்றியத்துக்குத் தகவல் போக வேண்டும். பட்டியலில் இல்லாத உங்கள் ஊரணி எப்படி ஏறும்?

அக்டோபர் 2 அன்று நாங்கள் செய்தது:

வருகைக் கையெழுத்தைப் போட்டோம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள், கோரம் குறைந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கூட்டப் பொருள்களை வாசித்து முடித்ததும் எழுந்து, எழுதி வைத்திருந்ததை வாசித்தோம். பேச்சு இரண்டு நிமிடம்கூட இல்லை. பிறகு, "இதை இப்பவே புத்தகத்துல எழுதுங்கண்ணே, நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டோம்.

"அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம் தம்பி, வெயில் ஏறுதுல்ல."

"பரவால்லண்ணே, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

இந்த இடத்தில் குரலை உயர்த்தினால் காரியம் கெட்டது. எங்களுக்கு உதவியது பெண்கள் யாரும் எழுந்து போகாததுதான். ஒரு ஐம்பது பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரு கனம் உண்டு. இருபது நிமிடத்தில் எழுதி முடித்தார். அதை உரக்க வாசிக்கச் சொன்னோம். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது, திருத்தினோம். தலைவரம்மா கையெழுத்துப் போட்டதும் பக்கத்தைப் போனில் படம் எடுத்தோம். தேதியும் இடமும் படத்திலேயே பதியும் கேமரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வீடியோவை நான் நம்புவதில்லை. கேமராவைத் தூக்கியதும் எல்லோரும் மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

அன்றைக்கே வரவு செலவுக் கணக்கு, படிவம் 30, பிளக்ஸில் வைத்திருப்பார்கள். அதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள், பின்னால் "நிதி இல்லை" என்று பதில் வந்தால் பயன்படும்.

5. துரத்துவது

தீர்மானத்தின் படத்தை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கடிதம். ஒன்றிய அலுவலகத்தில் இந்தப் பதவியில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, ஒருவர் கிராம ஊராட்சிக்கு. உறையில் "வ.வ.அ. (கி.ஊ)" என்று எழுதுங்கள். நான் வெறுமனே பதவியை மட்டும் எழுதி ஒன்றரை மாதம் வீணாக்கினேன்.

பதில் வரவில்லையா, தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். அவர்கள் இருக்கிற ஆவணத்தைத்தான் தர வேண்டும், காரணம் எழுதித் தர வேண்டியதில்லை. "இந்தத் தேதியிட்ட தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் கோப்பின் நகல், மதிப்பீட்டின் நகல்" என்று கேளுங்கள். எங்களுக்கு 26ஆம் நாள் பதில் வந்தது. அதற்கு முந்தைய வாரமே ஒன்றியத்தின் ஓவர்சியர் (பணி மேற்பார்வையாளர்) டேப்போடு ஊருக்கு வந்து அளந்துவிட்டுப் போனார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று அவர் சொன்னார்.

பின்சேர்க்கை (2025)

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: "எங்கள் ஊரில் இப்போது தலைவரே இல்லையே?" ஆமாம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது, அதன் பிறகு அரசு நியமித்த தனி அலுவலர்தான். ஆனால் சபை ஊருக்குச் சொந்தம், தலைவர் இல்லை என்பதற்காக அது கலைவதில்லை. படி 3, படி 4 அப்படியே பொருந்தும். கையெழுத்துப் போடுபவர் மட்டும் மாறுவார்.

அந்த மூவரில் ஒருவர் பேரூராட்சிக்காரர். அங்கே கிராம சபை கிடையாது, மன்னிக்கவும். மாநகராட்சி, நகராட்சிகளில் 2022 முதல் பகுதி சபை இருக்கிறது. அதில் எனக்கு அனுபவம் இல்லை.

படி 5இல் சொன்ன கடிதத்தை "ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள்" என்று முன்பு எழுதியிருந்தேன். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்டில் போட்டு, சேர்ந்ததற்கான அத்தாட்சி வேண்டும் என்று கவுன்டரில் சொல்லிக் கேளுங்கள்.

ஊரணி என்னாயிற்று என்று கேட்பவர்களுக்கு: இரண்டு தெருவில் குழி முடிந்துவிட்டது. மூன்றாவது தெருவில் பாறை, தண்ணீர் உறிஞ்சவில்லை, சாக்கடை இன்னும் விழுகிறது. அதற்கு வேறு வழி என்ன என்று ஓவர்சியரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். அடுத்ததற்கான வரைவு என் பையில் இருக்கிறது. அத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தெருப் பேரு தப்பா இருக்குய்யா" என்றார். திருத்த வேண்டும்.