வீட்டு ட்ரெயினரைப் பவர் மீற்றருடன் ஒத்திசைத்தல்

வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டால் நிலாவெளி வீதியில் சைக்கிள் ஓடுவது சிரமம் என்பதால், திருகோணமலையில் பயிற்சியை விட விரும்பாதவர்கள் சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெயினரை வீட்டுக்குள் நாடுகிறார்கள். அப்போது, பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கில் இருந்து மிதிக்கும் வலுவை அளக்கும் பவர் மீற்றர் 200 வாட் என்றும் ட்ரெயினர் 195 வாட் என்றும் காட்டினால், அதைப் பிழை என்று எண்ண வேண்டாம். கால் கொடுக்கும் வலு சங்கிலியையும் பற்சில்லுகளையும் கடந்தே ட்ரெயினரை அடைவதால், வழியில் இரண்டு மூன்று வீதம் உராய்வில் கழிந்துவிடும். உப்புக்காற்றில் துருவேறிய, எண்ணெய் காணாத சங்கிலியானால் இன்னும் கூடக் கழியும். ஆகவே முதல் வேலை சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுவதே.

அடுத்து, பவர் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதனுள்ளே இருக்கும், மிதிக்கையில் உலோகம் நுண்ணியதாக வளைவதை அளக்கும் விகாரமானி வெப்பத்துக்கு அசைந்துகொடுப்பது. குளிரூட்டிய அறையிலிருந்து சைக்கிளை எடுத்துவந்து புழுக்கமான விறாந்தையில் உடனே பூச்சியமாக்கினால் அந்த அளவு நிலைக்காது. ஓடப்போகும் இடத்திலேயே சற்று நேரம் வைத்திருந்து, கிராங்கை நிலைக்குத்தாக நிறுத்தி, பெடலில் கால் படாமல் செயலியில் பூச்சியமாக்குங்கள். பெடலிலேயே அளவி உள்ளவர்கள் கிராங்கின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும்: 170 மில்லிமீற்றர் கிராங்குக்கு 172.5 என்று பதிந்திருந்தால், அதனால் மட்டுமே ஏறத்தாழ ஒன்றரை வீதம் கூடுதலாகக் காட்டும்.

பின்னர் ட்ரெயினரை அளவுதிருத்த, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி அதைச் சூடாக்கி, செயலி கேட்கும் வேகத்துக்கு, பெரும்பாலும் மணிக்கு 37 கிலோமீற்றர் அளவுக்கு, ஏற்றிவிட்டு மிதிப்பதை நிறுத்த வேண்டும். பிரேக்கைத் தொடக்கூடாது, சில்லு தானாக வேகம் குறைய எடுக்கும் நேரத்தைக் கொண்டே ட்ரெயினர் தன் உராய்வைக் கணிக்கிறது. ரயர் உருளையில் அழுந்தும் வகை ட்ரெயினராயின், ஒவ்வொரு முறையும் காற்றழுத்தமும் உருளையை இறுக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பாடெல்லாம் வீண். தானாகவே அளவுதிருத்தும் புதிய ட்ரெயினர்களுக்கு இந்தப் படி தேவையில்லை.

இப்போது ஒப்பிடலாம். ட்ரெயினர் தானே எதிர்ப்பை மாற்றி வாட்டை நிலையாகப் பிடித்துவைக்கும் முறையை நிறுத்தி, 100, 150, 200, 250 வாட் அளவுகளில் சில நிமிடங்கள் வீதம் ஓடி, இரண்டையும் தனித்தனிக் கருவிகளில் பதிந்து, ஒவ்வொரு படியின் முதல் அரை நிமிடத்தையும் தள்ளிவிட்டுச் சராசரியைப் பாருங்கள். வித்தியாசம் எல்லாப் படியிலும் ஒரே வீதமாக இருந்தால் அளவுகோலிலோ சங்கிலியிலோ காரணம் இருக்கும். எல்லாப் படியிலும் ஏறக்குறைய அதே பத்து வாட் என்றால் பூச்சியத்தையே சந்தேகிக்க வேண்டும். ட்ரெயினர் கிராங்கைவிடக் கூடுதலாகக் காட்டினால் அதை அப்படியே ஏற்கக்கூடாது, ஏனெனில் வழியில் வலு கூட வாய்ப்பில்லை. ஆனால் இடது காலை மட்டும் அளந்து இரட்டிக்கும் மீற்றரில் இது நேரலாம்: இடக்கால் 96, வலக்கால் 104 வாட் கொடுத்தால், உண்மையில் 200 வாட் இருக்க அது 192 என்றே காட்டும்.

வித்தியாசம் சீராக இருந்தால், வெளியிலும் உள்ளேயும் ஒரே அளவு வேண்டுவோர், ட்ரெயினரைப் பவர் மீற்றரைப் பின்பற்றச் செய்யும் வசதியைச் செயலியில் இயக்கிவிடுவதே என் பார்வையில் நல்லது. சுவிஃப்ட் போன்ற செயலிகளில் வலு அளவைத் தரும் கருவியாகப் பவர் மீற்றரைத் தெரிவு செய்யலாம். எதிர்ப்பை மாற்றும் வேலை மட்டும் ட்ரெயினரிடம் இருக்கும்.