நாய்க்குட்டியும் குழந்தைகளும்: பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நாய்க்குட்டி வந்த முதல் நாளே தெருப் பிள்ளைகள் எல்லாம் வீட்டில் கூடிவிடுவார்கள். குட்டி கைக்குக் கை மாறும். ஒருவன் தூக்குவான், இன்னொருத்தி முத்தம் கொடுப்பாள். "நன்றாகப் பழகட்டும்" என்று பெரியவர்களும் விட்டுவிடுவார்கள். பெரும்பாலான தொல்லைகள் தொடங்குவது இங்கேதான்.

பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆவது வாரம் வரை நாய்க்குட்டி புதிய மனிதர்களையும் ஓசைகளையும் எளிதாக ஏற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் மனதில் பதியும் பயமும் லேசில் போகாது. பத்துப் பிள்ளைகள் மாறி மாறித் தூக்கினால், குழந்தைகள் என்றாலே தப்பி ஓட வேண்டும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா மகனுக்கு அப்போது 4 வயது. குட்டிக்கு 10 வாரம். அவன் அதை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் படம் எடுத்தோம். குட்டி உறுமியது, அதட்டினோம். இரவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. காதுகள் பின்னால் ஒட்டியிருந்தன. முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை விழி பிறைபோலத் தெரிந்தது. உறுமுவதற்கு முன்பே அது "போதும், விடு" என்று சொல்லியிருக்கிறது. நாங்கள் அழகாக இருக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தோம்.

உதட்டை அடிக்கடி நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உடம்பு விறைத்து அப்படியே நின்றுவிடுவது எல்லாம் அதே பேச்சுதான். உறுமலுக்கு அடிப்பதும் அதட்டுவதும் மிகப் பெரிய தவறு என்பேன். அடி வாங்கிய குட்டி உறுமுவதை நிறுத்திவிடும். ஆனால் பயம் போயிருக்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். உறுமினால் குழந்தையை மெல்ல விலக்குங்கள். எதனால் உறுமியது என்று பாருங்கள்.

குட்டி தானாக வரட்டும். குழந்தையைத் தரையில் உட்காரவைத்து, அது நெருங்கி வந்து மோந்து பார்க்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேலிருந்து வரும் கை குட்டிக்கு அச்சம் தரும். மார்பிலோ மோவாய்க்குக் கீழோ தடவலாம். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியதும் கையை எடுத்துவிட வேண்டும். குட்டி மறுபடியும் கைக்குள் மூக்கை நுழைத்தால் இன்னும் தடவலாம். விலகினால் விட்டுவிட வேண்டும். அக்கா மகன் இதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். அதன்பின் எண்ணாமல் தொட்டதே இல்லை.

இந்த வயதில் குட்டி நாளின் பெரும்பகுதி தூங்கும். கட்டிலுக்கடியில் சுருண்டு கிடப்பதைக் காலைப் பிடித்து இழுத்து விளையாடக் கூப்பிடுவது கடி வாங்கும் வழி. ஒரு மூலையில் கோணிச்சாக்கை விரித்து, அதுதான் குட்டியின் வீடு, அங்கே போய்விட்டால் யாரும் தொடக்கூடாது என்று குழந்தைக்குச் சொல்லுங்கள். சாப்பிடும்போது கிண்ணத்தில் கையை விட்டுப் "பழக்குகிற" வழக்கமும் வேண்டாம். அது பொறுமையை வளர்க்காது. உணவைக் காவல் காக்கத்தான் கற்றுக்கொடுக்கும்.

குட்டியின் 28 பால்பற்களும் ஊசிபோல இருக்கும். குழந்தை கத்திக்கொண்டு ஓடினால் குட்டி அதை விளையாட்டு என்றெண்ணித் துரத்தும். கைகளைக் கட்டிக்கொண்டு மரம்போல நிற்கச் சொல்லிக்கொடுங்கள். விரல்களை ஆட்டி விளையாட்டுக் காட்டாமல் முடிச்சுப் போட்ட துணியைக் கொடுங்கள். முப்பது நாள் குட்டியை வாங்கி வருவதும் நாம் செய்யும் தவறுதான். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் 8 வாரமாவது இருந்தால்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று அது கற்கும்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. தவழும் குழந்தையின் முகம் குட்டியின் வாய்க்கு நேரே இருக்கிறது. கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். தட்டிலிருந்து பகிரும் பழக்கத்தையும் கவனியுங்கள்: சாக்லேட், வெங்காயம், பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு.

தடுப்பூசி முடியும்வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்தால் பழகும் பருவம் கடந்துவிடும். தரையில் விடாமல் தூக்கிக்கொண்டுபோய் வாசலையும் பள்ளி வேனையும் காட்டலாம். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகளையும், 3 மாதத்தில் போடும் ரேபிஸ் ஊசியையும் தவறவிடாதீர்கள். குடற்புழு மருந்தும் அப்படியே. நாயின் வயிற்றிலுள்ள உருளைப்புழு குழந்தைக்கும் தொற்றும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், "நம் வீட்டுக் குட்டிதானே" என்று இருந்துவிடக் கூடாது. மஞ்சளோ சுண்ணாம்போ தடவாமல், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ என்று பயந்து குழந்தைகள் கீறலை மறைப்பதுண்டு. "குட்டியை எங்கும் அனுப்ப மாட்டோம், உன்னையும் திட்ட மாட்டோம், ஆனால் உடனே எங்களிடம் காட்ட வேண்டும்" என்று முதல் நாளிலேயே சொல்லிவையுங்கள்.